காதுக்குள் வைக்கும் இயர்போன்: சீக்கிரம் கெடாததைப் பார்த்து வாங்கி, நெடுநாள் வைத்திருக்க

இயர்போன் வாங்கி ஆறு மாதத்தில் ஒரு பக்கம் கேட்காமல் போய்விடும், சரி முந்நூறு ரூபாய்தானே என்று இன்னொன்று வாங்குவோம், அதுவும் போகும், இப்படியே வருடத்துக்கு இரண்டு மூன்று வாங்குகிறவர்கள் நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள், விடியற்காலையில் பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போகிறவர்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற மகன் மகளோடு தினமும் பேசுகிற பெரியவர்கள், எல்லோர் வீட்டு மேசை இழுப்பறையிலும் ஒரு பக்கம் செத்த இயர்போன் ஒன்றாவது கிடக்கும். கொஞ்சம் பார்த்து வாங்கி, கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்தினால் ஒரே இயர்போன் நாலைந்து வருடம் தாராளமாக உழைக்கும். எப்படி என்று, இதுவரை இதைப் பற்றி யோசித்தே பார்க்காதவருக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

முதலில், எது கெடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டை ஒலியாக்குகிற பாகத்துக்கு டிரைவர் என்று பெயர். சின்னக் காந்தம் ஒன்று, அதையொட்டி மெல்லிய கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். இது தானாகக் கெடுவது அபூர்வம். தண்ணீர் உள்ளே போக வேண்டும், அல்லது சத்தத்தை அளவு மீறி வைத்து நாமே கெடுக்க வேண்டும்.

கெடுவது வயர். அதிலும் வயரின் நடுவில் எங்கோ கெடுவதில்லை, வயர் கெட்டியான ஒரு பொருளுக்குள் நுழைகிற இடங்களில்தான் கெடும். போனில் செருகும் ஜாக்கின் கழுத்து, ஒரே வயர் இரண்டாகப் பிரிகிற கவட்டை, காதில் செருகுகிற குமிழுக்குள் வயர் நுழைகிற வாசல், இந்த மூன்றும்தான் முக்கியம். மைக் இருந்தால் அந்தச் சின்னப் பெட்டியின் இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயருக்குள்ளே இருப்பது மிக மெல்லிய செம்பு இழைகளின் கற்றை. ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப மடங்கி நிமிர்ந்தால் செம்பு முதலில் இறுகும், பிறகு ஒவ்வொரு இழையாக ஒடியும். கடைசி இழைகள் தொட்டும் தொடாமலும் இருக்கிற நேரத்தில்தான் கரகரவென்று சத்தம் வந்து வந்து போகிறது, வயரைப் பிடித்து ஒரு பக்கமாக வளைத்தால் கேட்கிறது, விட்டால் போய்விடுகிறது. கல்லுக்கட்டிப் பக்கம் போன் சர்வீஸ் செய்கிற அண்ணன் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "எல்லாரும் ஸ்பீக்கர் போச்சுன்னுதான் கொண்டாருவாக தம்பி, பிரிச்சுப் பாத்தா ஜாக்கு கழுத்துலதான் அந்திருக்கும்."

ஆகவே இனி நான் சொல்லப்போவதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வரும். அந்த மடிப்பு இடங்களை எப்படிக் காப்பாற்றுவது, காப்பாற்ற முடியாமல் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்ற வழி இருக்கிறதா?

வயர் உள்ளதா, வயர் இல்லாததா

வயரே இல்லை என்றால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். நியாயம்தான். ஆனால் வயர்லெஸ் குமிழில் வயருக்குப் பதில் பேட்டரி சாகிறது. ஒரு குமிழுக்குள் இருக்கும் பேட்டரி பெரும்பாலும் 30 முதல் 60 எம்ஏஎச் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்கிற அளவு) வரைதான் இருக்கும்; உங்கள் போனில் இருப்பது 5000 அளவில். லித்தியம் அயன் பேட்டரி சாதாரணமாக 300 முதல் 500 முறை முழுதாகக் காலியாகி நிரம்பினால் அதன் கொள்ளளவு சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். போன் பேட்டரி பெரிது, நாளுக்கு ஒரு சுற்றுதான் ஓடும். குமிழ் பேட்டரி நாலைந்து மணி நேரத்தில் காலியாகிறது, பெட்டியில் போட்டதும் நிரம்புகிறது, நிறையக் கேட்கிறவருக்கு ஒரே நாளில் இரண்டு சுற்றுகூட ஓடிவிடும். இரண்டு வருடம் கழித்து, ஐந்து மணி நேரம் ஓடியது இரண்டு மணி நேரத்தில் நின்றுபோவது இதனால்தான். குமிழைப் பசை போட்டு மூடியிருப்பார்கள், திறந்து பேட்டரி மாற்றுவது அநேகமாக நடக்காத காரியம்.

நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் தேவை என்றால் என் பரிந்துரை வயர் உள்ளதுதான், அதிலும் வயரைக் கழற்றி மாட்டக்கூடியது. ஓடியாடி வேலை செய்கிறவர், இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கிறவர், வயர் எதிலாவது சிக்கினால் ஆபத்து என்கிற இடத்தில் நிற்கிறவர் வயர்லெஸ் வாங்கட்டும், தப்பில்லை. அது இரண்டு மூன்று வருடச் செலவு என்று தெரிந்து வாங்கினால் போதும், மூவாயிரம் நாலாயிரம் என்று கொட்ட வேண்டாம். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: பேட்டரி கொஞ்சம் பெரியது, சில மாடல்களைத் திறந்து பேட்டரி மாற்றவும் முடிகிறது, ஆனால் பட்டையிலிருந்து வயர் வெளியே வருகிற இடத்தில் அதே பழைய ஒடிசல் உண்டு.

போனில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

கேட்கவே வேண்டாத கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் வாங்கி வந்த பிறகு திருப்பிக் கொடுக்க ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். உங்கள் போனில் 3.5 எம்எம் ஜாக் ஓட்டை இருந்தால் பிரச்சினை இல்லை. யுஎஸ்பி-சி மட்டும்தான் என்றால் கடைக்காரர் யுஎஸ்பி-சி முனை வைத்த இயர்போனை நீட்டுவார். அதை விட 3.5 எம்எம் இயர்போன் ஒன்றும், அதன் ஜாக்கைப் போனின் யுஎஸ்பி-சி ஓட்டையோடு இணைக்கிற கன்வெர்டர் ஒன்றும் தனியாக வாங்குவது மேல். போனை எடுத்துப் பையில் போடும்போது அதிகம் அடிபடுவது போன் பக்கத்து முனைதான். கன்வெர்டர் இருந்தால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும், போனால் அதை மட்டும் மாற்றலாம். கன்வெர்டர் வாங்கும்போது உள்ளே டாக் சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் சிக்னலை ஒலியாக மாற்றுவது அந்தச் சிப்தான், அது இல்லாத கன்வெர்டர் பல போன்களில் வேலையே செய்யாது. முடிந்தால் உங்கள் போனிலேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

செக்காலை ரோட்டுக் கடைகளில் நின்று வாங்குவதில் உள்ள பெரிய வசதி, பொருளைத் தொட்டுப் பார்க்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் எக்ஸ்ட்ரா பேஸ், மெகா பேஸ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே ஜாக்கின் கழுத்தைப் பாருங்கள். வயர் அந்தக் கெட்டிப் பகுதியிலிருந்து வெளியே வரும் இடத்தில் ரப்பர் மாதிரி மென்மையான, கொஞ்சம் நீளமான உறை இருக்க வேண்டும். அரை அங்குலமாவது இருந்தால் நல்லது. இப்போது வயரை மெதுவாக வளையுங்கள். உறையும் வயரும் சேர்ந்து வில் மாதிரி வளைந்தால் அது நல்ல கழுத்து. உறை அசையாமல் நிற்க, வயர் மட்டும் அதன் விளிம்பில் சட்டென்று மூலை மடங்கினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும் சரி, அந்த மூலையில்தான் அது ஒடியப் போகிறது. இதே சோதனையைக் கவட்டையிலும் குமிழ் வாசலிலும் செய்யுங்கள். விலை குறைந்த பலவற்றில் ஜாக் கழுத்து மட்டும் ஒழுங்காக இருக்கும், குமிழ் வாசலில் ஒரு ஓட்டை போட்டு வயரை நுழைத்ததோடு விட்டிருப்பார்கள்.

போனைச் சட்டைப் பையிலோ பேண்ட் பையிலோ வைத்துக் கேட்கிறவர்களுக்கு எல் வடிவில் வளைந்த ஜாக் நல்லது, நேராக நீட்டிக்கொண்டிருக்கும் ஜாக் உட்காரும்போது நெம்பப்படும். போனைக் கையில் பிடித்தே கேட்பவருக்கு நேர் ஜாக்கும் போதும். எல் ஜாக் வாங்குவதானால் உங்கள் போன் கவரின் ஓட்டைக்குள் அது முழுதாக இறங்குகிறதா பாருங்கள், பாதி இறங்கிய ஜாக்கில் ஒரு பக்கம்தான் கேட்கும்.

துணி பின்னிய வயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்னல் வெளியே இருக்கிறது, ஒடிவது உள்ளே இருக்கிற செம்பு. சிக்கல் விழுவது பின்னலில் கொஞ்சம் குறையும் என்பது உண்மை, ஆனால் சட்டையில் உரசுகிற சரசரப்பு காதுக்குள் நன்றாகவே கேட்கும். தட்டையான வயரும் அப்படித்தான்.

கடைசியாக, ஜாக்கைப் போனில் செருகி மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டு, ஜாக்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கரகரப்பு வரக் கூடாது. கழுத்தைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். மைக் பட்டனையும் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். தேதி போட்ட பில் இல்லாமல் ஒரு வருட வாரண்டி என்பது வாய்ப்பேச்சுதான். வாரண்டி இருந்தும் கடைக்காரரும் கம்பெனியும் மாறி மாறி அலையவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம், அப்போதும் முதலில் கேட்பது பில்லைத்தான். வயர்லெஸ் இயர்போனாக இருந்தால் பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

கழற்றி மாட்டும் வயர்

இதுதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். சாகப்போவது வயர்தான் என்று தெரிந்த பிறகு, வயரை மட்டும் மாற்ற முடிகிற இயர்போன் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். முன்பெல்லாம் இது மேடைப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வைத்துக்கொள்கிற விலை உயர்ந்த வகையில் மட்டும் இருந்தது, ஷுர் எஸ்இ215 அப்படி ஒன்று. இப்போது நிலைமை மாறிவிட்டது. கேஇசட் கம்பெனியின் பல மாடல்கள், மூன்டிராப் சூ 2 போன்றவை ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் அளவிலேயே கழற்றும் வயரோடு வருகின்றன, ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. மாற்று வயர் சில நூறு ரூபாய்தான். முந்நூறு ரூபாய் இயர்போனை ஆறு மாதத்துக்கு ஒன்றாக வாங்கும் காசை ஐந்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் இது எவ்வளவு மலிவு என்று தெரியும், ஒலியும் பல மடங்கு நன்றாக இருக்கும்.

இதில் இரண்டு வகை இணைப்பு பரவலாக உண்டு. ஒன்று டூ-பின், இரண்டு சின்ன ஊசிகள் குமிழுக்குள் நேராக இறங்கும், ஊசியின் தடிமன் பொதுவாக 0.78 எம்எம். இன்னொன்று எம்எம்சிஎக்ஸ், வட்டமான சின்னப் பொத்தான் மாதிரி டிக்கென்று மாட்டிக்கொள்ளும், மாட்டிய பிறகு சுழலும். டூ-பின்னில் ஊசி வளையும் அபாயம், எம்எம்சிஎக்ஸில் அடிக்கடி கழற்றினால் பிடிப்புத் தளரும் அபாயம். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் டூ-பின்னைத்தான் சொல்வேன், மாற்று வயர் மலிவாகக் கிடைக்கிறது என்பது பெரிய காரணம். மாற்று வயர் வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் இணைப்பு எது என்று சரியாகப் பாருங்கள். கேஇசட்டின் புதிய மாடல்களில் ஊசிகளைச் சுற்றி ஒரு மூடி போன்ற வடிவம் வரும், அதற்கு அந்த வகை வயர்தான் சரியாக உட்காரும்.

கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. குமிழை ஒரு கையில், இணைப்பின் கெட்டிப் பகுதியை மறு கையில் நகம் கொடுத்துப் பிடித்து, ஆட்டாமல் திருகாமல் நேராக இழுக்க வேண்டும். மாட்டும்போது டூ-பின்னை இரண்டு பக்கமும் ஒரே திசையில் மாட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகப் போனால் பாட்டு கேட்கும், ஆனால் பேஸ் காணாமல் போய், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறிப்போனதுபோல் இருக்கும். அப்படிக் கேட்டால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள், சரியாகிவிடும். தேவையில்லாமல் தினம் தினம் கழற்றி மாட்ட வேண்டாம், மாற்ற வேண்டிய நாள் வந்தால் கழற்றினால் போதும்.

காது ரப்பர்

பெட்டிக்குள் மூன்று அளவில் சிலிக்கான் ரப்பர் வரும், நடு அளவு மாட்டியிருக்கும், நம்மில் பாதிப் பேர் மற்ற இரண்டையும் பெட்டியோடு போட்டுவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவுகூடத் தேவைப்படலாம். சரியாக அடைத்துக்கொண்டால் பேஸ் கூடும், வெளிச்சத்தம் குறையும், அதனால் சத்தத்தைக் குறைத்தே வைக்கலாம். இது காதுக்கும் நல்லது, டிரைவருக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். பஸ் இரைச்சலை அமுக்கச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த அளவை வெகு சீக்கிரம் தாண்டிவிடுவோம்.

தினப்படிப் பழக்கம்

இழுக்கும்போது ஜாக்கின் கெட்டிப் பகுதியைப் பிடித்து இழுங்கள், காதிலிருந்து எடுக்கும்போது குமிழைப் பிடித்து எடுங்கள், வயரை ஒருபோதும் பிடிக்காதீர்கள். இந்த ஒன்றைச் செய்தாலே ஆயுள் கூடிவிடும். போனைச் சுற்றி வயரை இறுக்கிச் சுற்றி, ஜாக்கையும் கழற்றாமல் பையில் போடுகிறோமே, அதுதான் இயர்போனுக்குச் செய்கிற பெரிய கொடுமை: கழுத்து முழு மடிப்பில் மணிக்கணக்காக நெரிந்துகிடக்கும். ஜாக்கைக் கழற்றுங்கள், வயரை நாலு விரலில் தளர்வாக, அது தன் போக்கில் விழுகிற வளையமாகவே சுற்றுங்கள், சுற்றி முடித்ததும் வாலைக் கொண்டு இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள்.

வைக்க ஒரு பெட்டி வேண்டும். கடையில் வரும் ஜிப் வைத்த உருண்டைப் பெட்டி போதும், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கும் சின்னத் தகர டப்பா. நம் ஊர்ப் பனையோலைக் கொட்டானில் மூடியுள்ள சின்ன அளவு ஒன்று இதற்கு அருமையாகப் பொருந்துகிறது: ஓலை கொஞ்சம் கொடுத்துப் பிடிக்கும், வயரை நெரிக்காது, காற்றும் போகும். வீட்டு மேசையில் வைக்க அது, பையில் எடுத்துப்போகக் கெட்டியான டப்பா என்று வைத்துக்கொள்ளலாம். டப்பா எதுவானாலும் புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பொட்டலம் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து இரண்டு உண்டு. ஒன்று ஊஞ்சல். ஊஞ்சலில் படுத்துப் பாட்டுக் கேட்பது சுகம்தான், ஆனால் பலகையில் போனை வைத்துவிட்டு எழுந்தால் வயர் சங்கிலிக் கொக்கியில் மாட்டி, ஊஞ்சல் ஒரு வீச்சு வீசியதும் குமிழ் வாசலில் அறுந்துவிடும். போன் சட்டைப் பையில் இருக்கட்டும், வயர் சட்டைக்கு உள்ளே ஓடட்டும். இன்னொன்று ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு கெட்டி, இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே பிளாஸ்டிக் குமிழ் விரிசல் விடும், டிரைவரின் காந்தமும் இடம் பெயரலாம். வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து மாட்டும் வகையாக இருந்தால் குமிழ் நழுவினாலும் தொங்கும், விழாது. அப்படி மாட்டினால் வயர் இழுபடும்போது அந்த இழுப்பைக் காது மடல் வாங்கிக்கொள்ளும், குமிழ் வாசலுக்குப் போகாது. சட்டையில் மாட்டும் கிளிப் வந்திருந்தால் அதையும் போடுங்கள்.

இயர்போனோடு தூங்க வேண்டாம், புரண்டு படுக்கும்போது வாசல் மடங்கும். பல்லவனில் உட்கார்ந்தபடியே தூங்கினால்கூட முன் இருக்கைக் கொக்கியிலும் கைப்பிடியிலும் சிக்கும். வண்டி ஓட்டும்போது காதில் எதுவுமே வேண்டாம்.

வியர்வை, எண்ணெய், புழுதி, வெயில்

பெட்டியில் ஐபிஎக்ஸ் 4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இந்தச் சோதனைகள் புதுப் பொருளை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்தவை. வியர்வை உப்புத் தண்ணீர், அதோடு வருடம் ஆக ஆக உள்ளே இருக்கும் அடைப்புப் பசையும் தளரும். எக்ஸ் இருக்கும் இடம் தூசிக்கான எண்ணுக்கு உரியது, எக்ஸ் என்று போட்டால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் அலைகிறவர் ஐபி 54, ஐபி 55 என்று இரண்டு எண்ணும் போட்டதைப் பார்த்து வாங்கினால் நல்லது. வெல்டிங் பட்டறை, லேத் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் குமிழை வெறும் மேசையில் வைக்கவே கூடாது, டிரைவர் காந்தம் இரும்புத் தூளை இழுத்து, குமிழின் மூக்கில் இருக்கும் வலையில் ஒட்ட வைத்துக்கொள்ளும்.

வயர்லெஸ் குமிழை வியர்வை ஈரத்தோடு சார்ஜ் பெட்டிக்குள் போடுவது மிக மோசம். பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சார்ஜ் முனைகளில் மின்னழுத்தம் இருக்கிறது, உப்பு ஈரமும் சேர்ந்தால் உலோகம் மின்வேதி முறையில் கரைந்து அரிக்கத் தொடங்கும். முனை கறுத்து, பச்சை படிந்து, ஒரு நாள் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. இந்த அரிப்பையும் லித்தியம் பேட்டரியையும் ஆராய்கிற பெரிய நிலையமே நம் ஊரில் இருக்கிறது. சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. அவ்வளவு பேர் உட்கார்ந்து ஆராய்கிற அளவுக்கு அரிப்பு பெரிய விஷயம். நாம் செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும்போதோ, காலையில் நடந்துவிட்டு வந்தோ, குமிழைப் பருத்தித் துணியால் துடைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகு பெட்டிக்குள் போடுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் ஓடும் வயரில் எண்ணெயும் வியர்வையும் ஊறி, அதன் மேலுறை நாளடைவில் விறைத்து, பிறகு வெடிக்கும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் வயர் முழுதையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒரு தடவை ஒற்றினால் போதும். கண்ணாடி மாதிரித் தெரியும் வயரில் செம்பு பச்சையாக மாறினால் பயப்பட வேண்டாம், ஒலிக்கு ஒன்றும் ஆகாது.

வெயிலைப் பொறுத்தவரை வயர் உள்ளதற்குக் கவலை குறைவு, பேட்டரி உள்ளதற்கு அதிகம். பங்குனி சித்திரையில் கார் டேஷ்போர்டிலும், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வயர்லெஸ் பெட்டியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சூடாக இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். போன் பேச மட்டும் என்றால் ஒரு நாள் இடது குமிழ், மறுநாள் வலது என்று மாற்றிப் போடலாம், இரண்டும் சமமாகத் தேயும்.

சுத்தம் செய்வது, ஒரு பக்கம் கேட்காவிட்டால் பார்ப்பது

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் "ஒரு பக்கம் சத்தம் குறைந்துபோச்சு" என்று வருவதில் பாதி, காதழுக்கு அடைத்ததுதான். குமிழின் மூக்கில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓட்டைகள் தெரியாமல் மஞ்சளாக மினுங்கினால் அடைத்திருக்கிறது. ரப்பரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். குமிழை வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த, மென்மையான பல் தேய்க்கும் பிரஷால் கீழிருந்து தேயுங்கள், உதிர்வது வெளியே விழும், உள்ளே போகாது. ஊசியால் குத்தக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, சானிடைசரை நேரே ஊற்றவும் கூடாது. மூன்டிராப் சூ 2 மாதிரிச் சில மாடல்களில் வலையையே மாற்ற முடியும். நுரை ரப்பர் போட்டிருந்தால் அதைக் கழுவிப் பிழிய வேண்டாம், சில மாதத்தில் மாற்ற வேண்டிய பொருள் அது.

சுத்தம் செய்தும் கேட்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். இயர்போனை வேறு போனில் செருகுங்கள். அங்கே கேட்டால் கோளாறு உங்கள் போன் ஓட்டையில், பைப் பஞ்சு அடைத்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். அங்கும் கேட்காவிட்டால் பாட்டை ஓடவிட்டு ஜாக் கழுத்து, மைக் பெட்டி, கவட்டை, குமிழ் வாசல் என்று ஒவ்வொன்றாக விரலால் வளைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே வளைக்கும்போது சத்தம் வந்து போகிறதோ அங்கேதான் ஒடிசல். கழற்றும் வயராக இருந்தால் இடது வலது வயரை மாற்றி மாட்டிப் பாருங்கள், கேட்காத பக்கமும் சேர்ந்து மாறினால் குமிழ் நன்றாக இருக்கிறது, வயர்தான் போயிருக்கிறது, புது வயர் வாங்கி மாட்டினால் முடிந்தது.

ஜாக்கை மாற்றி ஈயம் வைப்பது

கழற்ற முடியாத வயர், கழுத்தில் ஒடிந்திருக்கிறது, குமிழ் நன்றாக இருக்கிறது. இதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஐம்பது நூறு ரூபாய்க்குள் உலோக உறை போட்ட நல்ல ஜாக் ஒன்று வாங்கி ஈயம் வைத்துவிடலாம், அதாவது ஈயத்தை உருக்கி வயரோடு ஒட்டவைத்துவிடலாம். தெரியாவிட்டால் சர்வீஸ் கடையில் கொடுங்கள், தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் செத்த இயர்போன் ஒன்றில் முதலில் பழகுங்கள்.

ஒடிந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி வயரை வெட்டுங்கள். முதல் வேலையாகப் புது ஜாக்கின் உறையையும், சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய்த் துண்டு ஒன்றையும் வயரில் கோத்துவிடுங்கள், ஈயம் வைத்த பிறகு கோக்க வழி இருக்காது. மேலுறையை உரித்தால் பொதுவாகச் சிவப்பு, பச்சை அல்லது நீலம், பிறகு செம்பு நிறம் என்று இழைகள் வரும். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. அந்த நிறம் வெறும் நிறமில்லை, இனாமல் பூச்சு. அது இருக்கிறவரை ஈயம் பிடிக்காது. பற்றவைப்பான் (சால்டரிங் அயர்ன்) நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, இழையின் முனையை அந்தச் சொட்டுக்குள் சில நொடி வைத்தால் பூச்சு எரிந்து புகை வரும், நிறம் போய் முனை வெள்ளியாக மினுங்கும், அப்போதுதான் தயார். புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூடவே வரும் நைலான் நூலை வெட்டிவிடாமல் ஜாக்கின் உடம்பில் சுற்றிக் கட்டுங்கள், இழுப்பை அது தாங்கும். மைக் இல்லாத மூன்று பகுதி ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி பொது. மைக் உள்ள நான்கு பகுதி ஜாக்கில், இன்றைய போன்களின் முறைப்படி, நுனி இடது, அடுத்தது வலது, அதற்கடுத்தது பொது, கடைசி மைக். மல்டிமீட்டர் இருந்தால் மூடுவதற்கு முன் நுனிக்கும் பொதுவுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள், சாதாரண இயர்போனில் 16 அல்லது 32 ஓம் அளவில் காட்டும். பூஜ்யம் காட்டினால் இழைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, ஒன்றுமே காட்டாவிட்டால் பூச்சு சரியாக எரியவில்லை. சரியாக இருந்தால் ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கழுத்து மூடும்படி இழுத்துச் சூடு காட்டி இறுக்கி, உறையை மாட்டிவிடுங்கள்.

குமிழே செத்துவிட்டால் ரப்பர், கிளிப், கழற்றும் வயர், டப்பா எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு ஆகும். வயர்லெஸ் குமிழையும் அதன் பெட்டியையும் மட்டும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள், அதுவரை தனியாக ஒரு டப்பாவில் நிழலில் இருக்கட்டும்.